டப்பா பாலும் தாய்ப்பாலும் ஒன்றாம், கேட்டுக்கொள்ளுங்கள்

காட்பாடி ஜங்ஷன்:
ஞாயிற்றுக்கிழமை குடியாத்தத்தில் ஒரு பெயர் சூட்டு விழா. பந்தியில் பக்கத்து இலைக்காரர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். சாம்பாரைப் பிசைந்துகொண்டே சொல்கிறார்: "தாய்ப்பாலில் இருக்கிற சத்தெல்லாம் டப்பா பாலிலும் இருக்கிறது, டப்பா மேலேயே அச்சடித்திருக்கிறான். மிச்சமெல்லாம் சென்டிமென்ட்." விசேஷ வீடாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். ரசம்கூட இறங்கவில்லை. அதனால் இங்கே கொட்டுகிறேன்.

சத்தை விடுங்கள் சார். சீம்பாலில் இருக்கிற இம்யூனோகுளோபுலின் ஏ என்கிற நோய் எதிர்ப்புப் புரதம் குழந்தையின் குடலில் பூச்சு மாதிரிப் படிந்து, கிருமியை ஒட்டவிடாமல் தடுக்கிறது. அதை எந்த டப்பாவில் அச்சடித்திருக்கிறான்? பிள்ளை சப்பும்போது தாய்க்கு ஆக்சிடோசின் என்கிற ஹார்மோன் சுரந்து கர்ப்பப்பை சுருங்குகிறது, உதிரப்போக்கு குறைகிறது. 30 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2002இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள்: பால் கொடுக்கிற ஒவ்வொரு 12 மாதத்துக்கும் மார்பகப் புற்றுநோய் ஆபத்து 4.3 சதவீதம் குறைகிறது. அப்புறம், பால் கொடுக்கும் காலத்தில் அடுத்த கர்ப்பமும் தள்ளிப்போகிறது. இதெல்லாம் சென்டிமென்டா?

கோட்டை அகழி:
எல்லாம் சரி, கடைசி வரி மட்டும் பச்சைப் பொய். என் தம்பி மனைவி பால் கொடுத்துக்கொண்டேதான் இருந்தாள். மூத்தவனுக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போதே அடுத்தது தங்கிவிட்டது. இரண்டு பேரும் சத்துவாச்சாரியில்தான் இருக்கிறார்கள், வந்து எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நர்ஸம்மா:
தம்பி, 31 வருஷம் அணைக்கட்டுப் பக்கம் கிராம சுகாதார நர்ஸாக இருந்தவள் கேட்கிறேன். ஒரே கேள்விதான். அந்தப் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தார்களா?

கோட்டை அகழி:
தண்ணீருக்கும் கர்ப்பத்துக்கும் என்னம்மா சம்பந்தம்? அது கத்திரி வெயில் நேரம். இந்த ஊருக்கு வெயிலூர் என்றே பெயர். பிள்ளையைக் காயப்போடச் சொல்கிறீர்களா?

நர்ஸம்மா:
அப்படியென்றால் கொடுத்திருக்கிறார்கள். முடிந்தது கதை.

தாய்ப்பாலில் நூற்றுக்கு 87, 88 பங்கு தண்ணீர்தான். ஆறு மாதம் வரை தனியாகத் தண்ணீர் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது, வெயில் ஊருக்கும் சேர்த்துத்தான். இன்னொன்று. பிள்ளை சப்புகிற சப்பில்தான் கருமுட்டை வெளிவருவது நிற்கிறது. ஒரு பாலாடை தண்ணீர் குடித்தால் பிள்ளை வயிறு நிரம்பித் தூங்கிவிடும், சப்புவது குறையும், முட்டை வந்துவிடும். 1988இல் இத்தாலியில் பெல்லாஜியோ என்கிற ஊரில் வல்லுநர்கள் கூடி மூன்று நிபந்தனை சொன்னார்கள். பிள்ளைக்கு ஆறு மாதம் தாண்டியிருக்கக் கூடாது. மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. தாய்ப்பாலைத் தவிர வேறு எதையும் நம்பியிருக்கக் கூடாது. மூன்றும் சரியாக இருந்தால் அந்த ஆறு மாதத்தில் நூறு பேரில் இரண்டு பேருக்குக்கூடக் கர்ப்பம் தங்காது. பகலில் நான்கு மணி நேரம், ராத்திரி ஆறு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடக் கூடாது என்று நான் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறேன். மாமியார்கள்தான் நடுவில் பாலாடையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

முள்ளுக்கத்திரி:
பாலாற்றிலேயே தண்ணீர் இல்லை, பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது என்று முதலில் விசாரியுங்கள்.

என் பாட்டி ஒன்பது பெற்றாள். ஒன்பதும் தாய்ப்பால்தான், டப்பா பாலைக் கண்ணால் பார்த்ததில்லை. பெல்லாஜியோக்காரர்கள் பாட்டியைக் கேட்காமல் முடிவெடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

நர்ஸம்மா:
உங்கள் பாட்டி மூன்று நாள் சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே கொட்டியிருப்பார். பிறந்த அன்றே சர்க்கரைத் தண்ணீரில் சேனை வைத்திருப்பார்கள். மூன்றாம் மாதம் தெருவில் கழுதைப்பால் வந்தால் அதிலும் ஒரு சங்கு. இதற்குப் பெயர் "தாய்ப்பால்தான்". நான் பார்க்காத பாட்டியா?

முள்ளுக்கத்திரி:
பாட்டியை இழுக்காதீர்கள்.

நர்ஸம்மா:
இழுத்தது யார்?

தையல் மெஷின்:
நான் ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்தேன், பெயர் வேண்டாம். 2017இல் திருத்திய சட்டப்படி 26 வாரம் சம்பளத்தோடு லீவு, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம். எல்லாம் பேப்பரில். நான் காண்ட்ராக்ட் ஆள் என்று சொல்லி 60ஆம் நாள் கூப்பிட்டுவிட்டார்கள். மத்தியானத்துக்குள் மார்பு கல்லாகக் கட்டிக்கொள்ளும். பாத்ரூமில் பீய்ச்சி ஊற்றிவிட்டு வந்து மெஷினில் உட்காருவேன். என் பிள்ளை டப்பா பாலில்தான் வளர்ந்தான், நன்றாகத்தான் இருக்கிறான். உங்கள் 4.3 சதவீதத்தை வைத்து என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

காட்பாடி ஜங்ஷன்:
அக்கா, உங்களைச் சொல்லவில்லை. அந்தக் கணக்கு வாத்தியாரைத்தான்...

நர்ஸம்மா:
பீய்ச்சி ஊற்றினேன் என்கிறாயேம்மா, அதைச் சுத்தமான கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்தால் ஃபிரிட்ஜ் இல்லாமலேயே சாதாரண அறை வெப்பத்தில் நாலு மணி நேரம் தாங்கும். உங்கள் வேலூர் மாவட்டக் கம்பெனிகளில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை. 1918இல் ஐடா ஸ்கடர் அம்மையார் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி திறந்த ஊர் இது. இங்கே இருந்துகொண்டு இப்படி.

தையல் மெஷின்:
எங்கே வைப்பது? ஒட்டுகிற பசை டப்பாவுக்குப் பக்கத்திலா? நாலு மணி நேரம் இந்த வெயிலில் தகர ஷெட்டுக்குள் தாங்குமா? ஒரு நாள் வந்து உட்கார்ந்து பாருங்கள், அப்புறம் பேசுங்கள்.

பிரியாணி பாய்:
ஆம்பூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டம் அம்மா. 2019 நவம்பரிலேயே பிரித்தாகிவிட்டது. 31 வருஷம் சர்வீஸ் என்கிறீர்கள்.

நர்ஸம்மா:
நான் வேலைக்குச் சேரும்போது திருவண்ணாமலைகூட வட ஆற்காடுதான். மாவட்டத்தை அவர்கள் நூறாகப் பிரிக்கட்டும். தண்ணீர் கொடுத்தார்களா இல்லையா, அதற்குப் பதில் வரவில்லை.

பிரியாணி பாய்:
ஆம்பூரை வேலூர் என்று எழுதியதற்கும் பதில் வரவில்லை.

முள்ளுக்கத்திரி:
பால்சுறாப் புட்டு சாப்பிட்டால் பால் ஊறும் என்பது உண்மையா? என் மாமியார் கேட்கச் சொன்னார்.

நர்ஸம்மா:
பிள்ளையை அடிக்கடி மார்பில் போட்டால் ஊறும். பால் காலியாகக் காலியாகத்தான் சுரக்கும். சுறாவைப் பிடித்துத் தூக்கத் தேவையில்லை.

கோட்டை அகழி:
போன தடவை முருங்கைக்கீரைப் பேச்சிலும் இவர் இப்படித்தான். எல்லாருடைய வீட்டு அனுபவமும் தப்பு, இவருடைய 31 வருஷம் மட்டும் சரி. அன்றைக்கு நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை, நினைவிருக்கிறதா அம்மா?

நர்ஸம்மா:
நன்றாக நினைவிருக்கிறது. அன்றைக்கும் பாதியில் ஓடியது நீதான்.

காட்பாடி ஜங்ஷன்:
நான் ஐந்து விஷயம் எழுதினேன். குடல் பூச்சு, உதிரப்போக்கு, புற்றுநோய்... ஒருவராவது அதைப் பற்றிப் பேசுங்களேன். அடுத்த ஞாயிறு அதே வாத்தியாரை ஒரு நிச்சயதார்த்தத்தில் பார்க்கப் போகிறேன்.

முள்ளுக்கத்திரி:
நாலுதான் எழுதியிருக்கிறீர்கள். எண்ணிப் பார்த்தேன். வாத்தியார் உங்களைப் பெயில் போடுவார்.

கோட்டை அகழி:
சரி, தம்பிக்கே போன் போட்டுக் கேட்டுவிட்டேன். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லையாம். ஓமத் தண்ணீர் மட்டும்தானாம். இப்போது என்ன சொல்கிறீர்கள்?

நர்ஸம்மா:
ஓமத் தண்ணீர் என்ன, காற்றா?

கோட்டை அகழி:
அது மருந்து. வயிற்று உப்புசத்துக்கு. மருந்து கணக்கில் வராது.

நர்ஸம்மா:
டாக்டர் எழுதித் தருகிற சொட்டு மருந்து கணக்கில் வராது. பாலாடை பாலாடையாக ஊற்றினால் வரும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை?

கோட்டை அகழி:
மூன்று. அதுவும் சின்னப் பாலாடை.

நர்ஸம்மா:
எத்தனையாம் மாதத்திலிருந்து?

கோட்டை அகழி:
நீங்கள் போலீஸா? தம்பி மனைவி பக்கத்தில்தான் இருந்தாள். இதையெல்லாம் இங்கே எழுதியதற்கு என்னிடம் சண்டைக்கு வருகிறாள். மருந்து கணக்கில் வராது, அவ்வளவுதான்.

பிரியாணி பாய்:
அம்மா, ஆம்பூர்?