நைலக்ஸ் புடவையில் மின்சார ரயில்: பார்க்கிறவர்கள் பேசலாமா?

கொண்டை_ஊசி (இழையைத் தொடங்கியவர்)

வாரத்தில் இரண்டு மூன்று நாள் நான் 1960-கள் பாணியில்தான் வேலைக்குப் போகிறேன். பாட்டியின் பீரோவிலிருந்து எடுத்த நைலக்ஸ் (நைலான் இழை) புடவை, போட் நெக் ரவிக்கை, ஓரம் மேலே ஏறி நிற்கும் பூனைக்கண் கண்ணாடி, உள்ளே சவுரி வைத்துத் தூக்கிக் கட்டிய கொண்டை. மாறுவேடப் போட்டி இல்லை, யூடியூப் சேனல் இல்லை. பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். அலுவலகத்தில் இப்போது யாரும் கண்டுகொள்வதே இல்லை. தொல்லையெல்லாம் வழியில்தான்.

தாம்பரம் - கடற்கரை ரயிலில் போகிறேன். 1931-லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய தடம், இதைவிடப் பழைய உடுப்பையெல்லாம் பார்த்திருக்கும். ஆனால் அதில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நான் புதுசு. "ஷூட்டிங்கா மேடம்?" என்பதுதான் அதிகம் வருவது. வயதான அம்மாக்கள் கேட்காமலே முந்தானையைப் பிடித்துப் பார்ப்பார்கள். "நைலக்ஸ்தானே? என்கிட்ட வாடாமல்லி கலர்ல ஒண்ணு இருந்துச்சு" என்று ஆரம்பித்தால் பரங்கிமலை வரைக்கும் கதை ஓடும். அது எனக்குப் பிடிக்கும். போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கிறவர்களைப் பிடிக்காது.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததுதான் தூக்கம் வராமல் அடித்தது. எதிர் இருக்கையில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர். குரோம்பேட்டை தாண்டியதும், "இப்படி லட்சணமா ஒரு பொண்ணைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு" என்றார். சரி, சிரித்து வைத்தேன். உடனே பக்கத்தில் ஜீன்ஸ் போட்டு உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண்ணிடம் திரும்பி, "பார்த்துக்கம்மா, பொண்ணுன்னா இப்படி இருக்கணும்" என்றார். அந்தப் பெண் இயர்போனைக் கழற்றி என்னைப் பார்த்தாள். அவரை இல்லை, என்னை. நான் ஒன்றும் சொல்லாமல் பூங்கா நிலையத்தில் இறங்கிவிட்டேன். நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

நேர்கோடு

கேட்கக் கசப்பாக இருக்கும், ஆனாலும் சொல்கிறேன். கொண்டை, கண்ணாடி, புடவை என்று மூன்றையும் சேர்த்துப் போட்டால் ஆட்கள் திரும்பிப் பார்க்கத்தான் செய்வார்கள். கூட்டமான பெட்டியில் மாறுபட்டு நிற்பது உங்கள் விருப்பம், அதைப் பார்த்து நாலு வார்த்தை பேசுவது அவர்கள் சுபாவம். நம் ஊரில் பெரிய சூட்கேஸோடு ஏறினால்கூட "எந்த ஊருக்கு?" என்று கேட்பார்கள். முந்தானையைத் தொடுகிற அம்மாவைப் பிடிக்கும், பாராட்டுகிற ஐயாவைப் பிடிக்காது என்று ஆள் பார்த்துப் பிரிக்க முடியாது. அவ்வளவு சங்கடம் என்றால் மகளிர் பெட்டி இருக்கிறதே.

கொண்டை_ஊசி

போன் கேமராக்கள் அதிகம் இருப்பதே மகளிர் பெட்டியில்தான். அப்புறம், பார்ப்பதை நான் குறை சொல்லவில்லையே? குழந்தைகள் வாயைப் பிளந்து பார்க்கும், அது எவ்வளவோ மேல். எனக்குக் கிடைத்த பாராட்டில் அடி இன்னொருத்திக்கு விழுந்தது. அதைத்தான் கேட்டேன்.

பென்ஷன்_பெரியவர்

எனக்கு 73 வயது. அந்த மனிதர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் முதல் வாக்கியத்தைச் சொல்லியிருப்பேன். இரண்டாவதைச் சொல்லியிருக்க மாட்டேன் என்று சத்தியம் செய்ய முடியாது. நல்லதைப் பார்த்து நல்லது என்று சொல்வது எப்போதிலிருந்து குற்றமாயிற்று? எங்கள் காலத்தில் தெருவில் போகிற பிள்ளையை யாரும் கூப்பிட்டுக் கண்டிக்கலாம். ஒரு மரியாதை இருந்தது, உடுப்பில் ஒரு அடக்கம் இருந்தது. உங்கள் உடுப்பு அவருக்கு அதைத்தான் ஞாபகப்படுத்தியிருக்கும். கோபப்படாதே அம்மா.

கொண்டை_ஊசி

ஐயா, கோபம் இல்லை. ஆனால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அவர் "அடக்கம்" என்று பாராட்டிய அதே புடவையை முதல்முதலில் கட்டிக்கொண்டு சினிமாவுக்குப் போனதற்காக என் பாட்டி மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். "கண்ணாடி மாதிரி இருக்கு, இதைக் கட்டுறதுக்குக் கட்டாமலே போகலாம்" என்றாராம் கொள்ளுப்பாட்டி. வீட்டில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்போம். பருத்தியும் பட்டும் மட்டும் பார்த்தவர்களுக்கு நைலான் இழைப் புடவை மெல்லிசு, உடம்போடு ஒட்டும், வெளிச்சத்தில் நின்றால் உள்பாவாடை தெரியும். அன்றைய ஜீன்ஸ் அதுதான்! அறுபது வருஷம் பீரோவில் இருந்ததும் அதற்கு லட்சணம் வந்துவிட்டது.

கிருதாக்காரன்

இந்த இழையைப் படித்துவிட்டு உறுப்பினர் ஆனேன். மதுரையில் இருக்கிறேன். நான் 70-கள் ஆள். கீழே அகன்று தெருவைக் கூட்டுகிற பெல்பாட்டம் பேன்ட், நாய்க்காது மாதிரி நீண்ட காலர், காதுமடல் தாண்டி இறங்குகிற கிருதா. ஆண்களுக்கு "லட்சணம்" என்று யாரும் சொல்வதில்லை தோழி, நேராகச் சிரிப்புதான். பெரியார் பேருந்து நிலையத்தில் ஒரு பூக்கார அக்கா, "தம்பி, அப்படியே அந்தப் பக்கமும் ஒரு நடை நடந்துட்டு வா, குப்பையெல்லாம் கூட்டின மாதிரி இருக்கும்" என்றார். நானே விழுந்து விழுந்து சிரித்தேன். அன்றைக்கு அவரிடம் பூ வாங்கி, கொடுக்க ஆள் இல்லாமல் அம்மாவிடம் கொடுத்தேன்.

ஆனால் அதே உடுப்பில் ஒரு விடுதி வாசலில் காவலாளி உள்ளே விடவில்லை. "முறையான உடை" வேண்டுமாம். கோட்டும் சூட்டும் போட்டிருந்தால் விட்டிருப்பார்கள். 2014-இல் சென்னையில் ஒரு கிளப்பில் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே உள்ளே விடவில்லை, பெரிய செய்தி ஆனது. அடுத்த மாதமே சட்டமன்றத்தில் சட்டம் கொண்டு வந்தார்கள். வேட்டிக்காக யாரையும் தடுக்கக் கூடாது, தடுத்தால் உரிமம் போகும், சிறையும் அபராதமும் உண்டு. பெல்பாட்டத்துக்கு யாராவது சட்டம் போடுங்கள் ஐயா.

முகவை_வெயில்

கிருதா அண்ணன் சொன்னதைப் படித்துச் சிரித்தேன். ஆனால் "அந்தக் காலம்" என்று நீங்கள் எல்லோரும் பேசப் பேச எனக்கு வேறு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது.

1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிதிராவிடர்களுக்கு ஆதிக்க சாதியினர் எட்டுத் தடைகள் போட்டார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆணையராக இருந்த ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயோ இடுப்புக்கு மேலேயோ துணி போடக் கூடாது. சட்டை, கோட்டு, பனியன் கூடாது. முடியைக் கத்தரிக்கக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மூடக் கூடாது. தங்கம் வெள்ளி நகை கூடாது, பூ கூடாது, செருப்பு கூடாது, வெயிலுக்குக் குடை பிடிக்கக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன.

தாவணி! இன்றைக்குப் பொங்கல் விழாவில் எல்லோரும் "பாரம்பரியம்" என்று போட்டுப் படம் எடுக்கிற தாவணி. என் பாட்டியின் அம்மாவுக்கு அது தண்டனை வாங்கித் தரும் துணி. எங்கள் வீட்டு பீரோவில் பழைய பட்டு எதுவும் இல்லை. பீரோவே 1990-களில்தான் வந்தது. ரயிலில் அந்த ஐயா மாதிரி ஒருவர் "அந்தக் காலம் மாதிரி வருமா" என்று பெருமூச்சு விடும்போது, யாருடைய காலம் என்று கேட்கத் தோன்றும். கேட்டதில்லை. இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையைச் சரி செய்துகொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவேன்.

நேர்கோடு

ஒரு பெண் தன் புடவையைப் பற்றிக் கேட்டால் அதிலும் சாதியை இழுக்க வேண்டுமா? 1930-இல் நடந்தது அநியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் இங்கே பேச்சு கண்ணாடியும் கொண்டையும்.

முகவை_வெயில்

நான் இழுக்கவில்லை சகோ, அது துணியோடு நெய்தே வந்தது. திருவிதாங்கூரில் தோள்சீலைப் போராட்டம் என்று படித்திருப்பீர்கள். பல வருஷக் கலவரத்துக்குப் பிறகு 1859-இல் நாடார் பெண்கள் மார்பை மூடிக்கொள்ளலாம் என்று அரசாணை வந்தது. அதிலும் என்ன நிபந்தனை தெரியுமா? உயர்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது. மூடலாம், ஆனால் அவர்களைப் போல் மூடக் கூடாது! தெருவில் போகிற ஒருத்தியின் உடுப்பைப் பார்த்து "இப்படி இருக்கணும், இப்படி இருக்கக் கூடாது" என்று சொல்கிற பழக்கம் ரயில் ஐயாவிடம் தொடங்கியது இல்லை. அதனால்தான் "சுபாவம்" என்று நீங்கள் லேசாகச் சொன்னது உறுத்தியது.

தோழிக்கு ஒன்று: நீங்கள் உடுத்துவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. உடுத்துங்கள். என் தங்கச்சியும் பூனைக்கண் கண்ணாடி வாங்கியிருக்கிறாள், அவளுக்கு நன்றாகவே இல்லை, அது வேறு.

கொண்டை_ஊசி

இதை நான் யோசித்ததே இல்லை. எங்கள் வீட்டில் பீரோ இருந்தது, அதில் புடவை இருந்தது, எடுத்துக் கட்டிக்கொண்டேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. (தங்கச்சிக்குக் கண்ணாடிச் சட்டம் ஒரு அளவு சின்னதாகப் பார்க்கச் சொல்லுங்கள். கன்னத்தில் இடிக்கக் கூடாது.)

அளவு_ரவிக்கை

நான் தையல்காரி, கோயமுத்தூர். இருபத்திரண்டு வருஷமாகத் தைக்கிறேன். வெளியாள் பேச்சு ரயிலில் மட்டும் இல்லை கண்ணு, என் கடையிலேயே தொடங்கிவிடும். போனில் பழைய கருப்பு வெள்ளைப் படத்தை வைத்துக்கொண்டு ஒரு பெண் வருவாள், "அக்கா, இதே மாதிரி கை" என்பாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மற்ற வாடிக்கையாளர் உடனே, "எதுக்குமா இந்தக் கிழவி மாடல்?" என்பார். இந்த வருஷம் அப்படிக் கேட்டவரே அடுத்த தீபாவளிக்குப் பஃப் கை கேட்டு வருவார். நான் பார்த்த கணக்கில் கேலிக்கு ஆயுள் ஒரு வருஷம்தான்.

போட் நெக் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. இன்றைய அளவு ரவிக்கையை வைத்து வெட்டினால் கழுத்து எழும்பிக்கொண்டு நிற்கும். தோள்பட்டைச் சரிவைத் தனியாக அளக்கச் சொல்லுங்கள். நைலக்ஸ் புடவையாக இருந்தால் இஸ்திரிப் பெட்டியைக் கிட்டவே கொண்டு போகாதீர்கள், சூடு கொஞ்சம் ஏறினாலும் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். பட்டாக இருந்தால் ஒரே மடிப்பில் வருஷக்கணக்காக வைக்கக் கூடாது, அந்தக் கோட்டிலேயே இற்றுப் போகும்.

முதல் கேள்விக்குப் பதில்: நான் இருந்திருந்தால் அந்தப் பிள்ளையிடம்தான் பேசியிருப்பேன். "ஜீன்ஸ் எங்க எடுத்தே? பாக்கெட் பெரிசா இருக்கே" என்று. புடவைக்குப் பாக்கெட் வைத்துக் கொடு என்று யாராவது கேட்பார்களா என்று காத்திருக்கிறேன்.

நேர்கோடு

அக்கா சொன்ன பதில் நன்றாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொது இடத்தில் மனிதர்கள் ஒருவரிடம் ஒருவர் பேசவே கூடாது என்கிற நிலைக்குப் போய்விடக் கூடாது என்பதில் நான் மாறவில்லை. வெளிநாட்டில் ஆறு வருஷம் இருந்தேன். ரயிலில் என்ன உடுத்திப் போனாலும் யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். முதல் மாதம் நிம்மதியாக இருந்தது. அப்புறம், நாம் இருக்கிறோமா இல்லையா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

முகவை_வெயில்

பேசட்டும் சகோ. "எங்கே வாங்கினது?" என்று பேசட்டும். "எப்படி இருக்கணும்" என்று வேண்டாம். பூக்கார அக்கா பேசினாரே, யாருக்காவது வலித்ததா?

பென்ஷன்_பெரியவர்

இரண்டு நாளாக எழுதவில்லை. மகளிடம் இதைப் படித்துக் காட்டினேன். "அப்பா, நீங்க என்னை எத்தனை தடவை அந்த மாதிரி சொல்லியிருக்கீங்க தெரியுமா?" என்றாள். எண்ணிக்கையும் சொன்னாள், அதை இங்கே எழுத மாட்டேன்.

நான் முன்பு எழுதியதை முழுக்க வாபஸ் வாங்கவில்லை. கண்டிக்கிற பெரியவர்கள் இருந்ததால் நன்மையும் இருந்தது என்றே நினைக்கிறேன். ஆனால் "எங்கள் காலத்தில் அடக்கம்" என்று எழுதிவிட்டு யோசித்துப் பார்த்தேன். 1973-இல் முதல் பெல்பாட்டம் தைத்துப் போட்டபோது என் தகப்பனார் என்னோடு தெருவில் நடக்க மாட்டேன் என்று பத்தடி முன்னால் போனார். கோயில் வரைக்கும் அப்படியே போனோம்.

கொண்டை_ஊசி

ஐயா, அந்தப் படம் ஏதாவது இருந்தால் போடுங்களேன்!

இன்றைக்கு அதே ரயில். அந்தப் பெண்ணும் ஏறினாள், பல்லாவரத்தில். தையல் அக்கா சொன்ன பாக்கெட் கேள்வியைத் தயாராக வைத்திருந்தேன். அவள் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டு தூங்கிவிட்டாள். மாம்பலத்தில் ஒரு மாமி வந்து உட்கார்ந்து, "ஷூட்டிங்கா?" என்றார்.

கிருதாக்காரன்

என் பேன்ட் தெருவைக் கூட்டிக் கூட்டி ஓரம் கிழிந்துவிட்டது. அந்தக் காலத்தில் கீழ் விளிம்பில் ஜிப் வைத்துத் தைப்பார்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையா, யாரோ விளையாட்டுக்குச் சொன்னதா?

பென்ஷன்_பெரியவர்

உண்மைதான் தம்பி. ஜிப்பை விரித்து, பல் இருக்கிற பக்கம் தரையில் உரசுகிற மாதிரி விளிம்பு முழுக்கச் சுற்றித் தைக்க வேண்டும். பித்தளை ஜிப்பாக வாங்கு. பிளாஸ்டிக் ஒரு வாரம் தாங்காது. நடக்கும்போது சிமெண்ட் தரையில் சரசரவென்று ஒரு சத்தம் வரும், அதற்காகவே இரண்டு தெரு சுற்றிப் போவோம்.