கரண்ட் வந்தது, ஃபேன் வரவில்லை

ஸ்ரீரங்கத்தான்:

போன மே மாதம் நடந்தது. இன்னும் மனசை விட்டுப் போகவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா அறையில் ரிமோட் வைத்த பி.எல்.டி.சி. ஃபேன் மாட்டியிருந்தோம். கரண்ட் மிச்சம் என்று தம்பி வாங்கிக் கொடுத்தது. சுவரில் இருந்த ரெகுலேட்டரைக் கழற்றி, அந்த ஓட்டையை வெள்ளைத் தகடு போட்டு மூடிவிட்டார்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வயசாகிவிட்டது, அரை மணியில் படுத்துவிடும். மூன்றரைக்குக் கரண்ட் வந்ததும் எங்கள் அறையில் பழைய ஃபேன் தானாகச் சுற்ற ஆரம்பித்தது, நாங்கள் தூங்கிவிட்டோம். அப்பா அறையில் இருக்கிற மாடலுக்கு, கரண்ட் போய் வந்தால் ரிமோட்டில் மறுபடி அழுத்த வேண்டும்.

நாலரைக்குத் தண்ணீர் குடிக்க எழுந்து எட்டிப் பார்த்தால், அப்பா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறார். பனியன் நனைந்து முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது. கையில் டிவி ரிமோட். அதை மேலே ஃபேனை நோக்கி நீட்டி, ஒவ்வொரு பட்டனாக, வரிசை விடாமல் அழுத்திக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும், "எதுலடா ஓடும் இது?" என்றார். ஃபேன் ரிமோட் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்து கிடந்தது.

பொன்மலைப் பணிமனையில் 36 வருஷம் ரயில் இன்ஜினைப் பிரித்து மாட்டியவர். ஒரு மணி நேரம் என்னைக் கூப்பிடாமலே உட்கார்ந்திருக்கிறார். ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டதற்கு, "நீ ஆபீஸ் போகணுமே" என்றார்.

உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது உண்டா?

வேளச்சேரி வாசி:

என்னுடையது இதைவிடச் சின்ன விஷயம், ஆனால் நினைத்தால் இப்போதும் எரிகிறது. வாட்டர் ப்யூரிஃபயர். அம்மாவின் திதியன்று காலை, வீட்டில் பதினைந்து பேர். சிவப்பு விளக்கைப் போட்டு, கீச் கீச்சென்று கத்திவிட்டு, தண்ணீர் தருவதை நிறுத்திவிட்டது. முந்தின ராத்திரி வரை நன்றாக வந்த தண்ணீர், ருசிகூட மாறவில்லை. கேன் தண்ணீர் வாங்கி ஒப்பேற்றினோம்.

இரண்டு நாள் கழித்து சர்வீஸ் பையன் வந்தான். ஃபில்டரைக் கழற்றிப் பார்த்து, "ஒண்ணும் ஆகலை சார், இன்னும் நாலு மாசம் தாராளமா வரும்" என்றான். அப்புறம் ஏன் நின்றது? உள்ளே ஒரு கணக்கு ஓடுகிறதாம். கணக்குத் தீர்ந்தால் மூடிவிடுமாம். ஃபில்டர் அழுக்கா சுத்தமா என்பதெல்லாம் அதற்குத் தெரியாதாம். சொல்லிக்கொண்டே முன்பக்கத்தில் இருந்த இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தி, மனசுக்குள் எண்ணியபடி நின்றான். பீப். பச்சை விளக்கு. தண்ணீர் கொட்டியது.

விசிட் சார்ஜ் 450 ரூபாய். நானும் என் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ஒயர்மேன்:

ஸ்ரீரங்கம் சார், ஃபேன் மேல் பழி போடாதீர்கள். 22 வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். சாதா ஃபேன் ஃபுல் ஸ்பீடில் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. 30 வாட்டில் முடித்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் ஒரு ஃபேனுக்கு 40 யூனிட் மிச்சம். நாலு ஃபேன் இருந்தால் 160. 500 யூனிட்டை ஒட்டி நிற்கிற வீட்டுக்கு இது சாதாரண விஷயம் இல்லை, அதைத் தாண்டினால் கீழே இருக்கிற யூனிட்டுக்கும் சேர்த்து ரேட் ஏறிவிடும்.

உங்களுக்கு வந்தது மாடல் பிரச்சினை. கடையிலேயே ஃபேனை ஓடவிட்டு, சுவிட்சை அணைத்து, ஒரு நிமிஷம் கழித்துப் போடச் சொல்ல வேண்டும். விட்ட ஸ்பீடிலேயே தானாகச் சுற்றினால் நினைவு வைத்திருக்கிற மாடல். சுற்றவில்லை என்றால் வேறு காட்டச் சொல்லுங்கள். சில மாடலில் சுவர் சுவிட்சையே அணைத்து அணைத்துப் போட்டு ஸ்பீடு மாற்றலாம், பெரியவர்களுக்கு அது நல்லது. ரெகுலேட்டரைக் கழற்றியது சரிதான், அதை வைத்துக்கொண்டே லைன் கொடுத்தால் உள்ளே இருக்கிற போர்டு போய்விடும். ரிமோட் கெட்டுவிட்டதா என்று சந்தேகம் வந்தால் செல்போனில் செல்ஃபி கேமராவைத் திறந்து, ரிமோட் மூக்கை அதற்கு நேராகக் காட்டி அழுத்துங்கள். ஊதா நிறத்தில் மினுங்கினால் ரிமோட் நல்ல நிலையில் இருக்கிறது. மினுங்கவில்லை என்றால் முதலில் ரிமோட்டில் இருக்கிற பேட்டரி செல்லை மாற்றுங்கள். ரிமோட்டுக்கு ஒரு துவாரம் போட்டு நூல் கட்டி கட்டிலில் தொங்கவிடுங்கள்.

வைஃபை ஃபேன் வாங்குகிறவர்களுக்கும் ஒன்று. வீட்டுச் சாமான்கள் பெரும்பாலும் வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் சேரும், 5 கிகாஹெர்ட்ஸில் சேராது. ரவுட்டரில் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் பல நேரம் ஆப் சுற்றிக்கொண்டே நிற்கும். தனித்தனிப் பெயர் வையுங்கள். இது தெரியாமல் ஒரு வீட்டில் என்னை மூன்று தடவை வரவழைத்தார்கள், மூன்று தடவையும் ஃபேன் கெட்டுப்போச்சு என்றுதான் சொன்னார்கள். என் அனுபவம் அதுதான்.

ஸ்ரீரங்கத்தான்:

அண்ணே, கரண்ட் பில்லைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்கவில்லையே. கடையில் நின்று ஃபேனுக்கு நினைவு இருக்கிறதா என்று பரீட்சை வைத்து வாங்க வேண்டியிருக்கிறது பாருங்கள், எனக்கு எரிச்சலே அங்கேதான். அந்த வெள்ளைத் தகடு இருந்த இடத்தில் ஒரு திருகு இருந்திருந்தால் அப்பா எழுந்து போய்த் திருகியிருப்பார். நூல் யோசனைக்கு நன்றி.

இரண்டு வாண்டுகளின் அம்மா:

எங்கள் வீட்டில் வாஷிங் மெஷின், ஃப்ரண்ட் லோடு. திங்கட்கிழமை காலை. சின்னவனின் இன்னொரு யூனிஃபார்மில் மை கொட்டியிருந்ததால் இருக்கிற ஒன்றை ஐந்தரைக்கே போட்டேன். நடுவில் கரண்ட் போய், ஆறரைக்கு வந்தது. திரையில் ‘சி.எல்.’ என்று எரிகிறது. எந்தப் பட்டனுக்கும் அசையவில்லை. "க்ளீனிங் ஏதோ நடக்குது, விடு, தானா முடியும்" என்றார் என் கணவர். விட்டோம். அது பாட்டுக்கு எரிந்துகொண்டே இருந்தது.

உள்ளே தண்ணீர் நின்றால் கதவு திறக்காது, அது பாதுகாப்புக்கு என்பது எனக்கும் தெரியும். ஆனால் மணி 7.10. வேன் 7.30-க்கு. சின்னவன் துண்டைக் கட்டிக்கொண்டு மெஷின் முன்னால் குந்தி உட்கார்ந்து, கண்ணாடி வழியாகத் தன் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அம்மா, என் பேட்ஜ் தெரியுது" என்றான்.

சி.எல். என்றால் சைல்டு லாக் என்று அப்புறம் தெரிந்தது. துணி போட்டுவிட்டு மூடியைத் துடைக்கும்போது என் கையே பட்டிருக்கும். குழந்தை கை வைக்கக் கூடாது என்று வைத்த பூட்டு, குழந்தையைத் தவிர எல்லாரையும் பூட்டிவிட்டது. கீழே மூலையில் இருக்கிற சின்ன மூடியைத் திறந்து தண்ணீரை வடித்து, பாத்ரூம் முழுக்க நுரை, கதவு திறந்தபோது வேன் போயே போய்விட்டது.

கலர் டிரஸ்ஸில் அனுப்பினேன். பிறந்த நாளா, சாக்லெட் எங்கே என்று வகுப்பு முழுக்கக் கேட்டார்களாம்.

ஸ்காபரோக்காரன்:

அம்மா யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து எங்களோடு நிற்கிறா. இங்கே அபார்ட்மெண்டில் கண்ணாடி அடுப்பு, திருகு ஒன்றும் இல்லை, விரலால் தொட்டால் வேலை செய்யும். அம்மா புட்டு அவித்துக்கொண்டிருக்க, பானை பொங்கி வழிந்து தண்ணீர் அந்தத் தொடுகிற இடத்தில் பரவிவிட்டது. அடுப்பு ஐந்தாறு தரம் கத்திவிட்டுத் தானே நின்றுவிட்டது. துடைத்தால் துணியின் ஈரம் பட்டுத் திரும்பக் கத்துது. நீத்துப்பெட்டியில் புட்டு அரை அவியலில் நிற்குது. அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டா: "தண்ணி படக் கூடாத அடுப்பில என்னத்தையடா சமைக்கிறது?"

இதற்கு என்னிடம் இன்று வரைக்கும் பதில் இல்லை.

மன்னார்குடி மைந்தன்:

எழுதலாமா வேண்டாமா என்று நேற்று முழுக்க யோசித்தேன்.

பெரியப்பா இறந்த அன்று. ஹாலில் ஃப்ரீசர் பெட்டி, அதற்கு நேர் மேலே சுவரில் 55 இஞ்ச் டிவி. அணைத்துத்தான் இருந்தது. ஊரிலிருந்து வந்த பையன்கள் வைஃபை பாஸ்வேர்டு கேட்டார்கள், கொடுத்தோம். ஒருவன் மாடிப்படியில் உட்கார்ந்து சத்தத்தைக் குறைத்து வைத்துப் போனில் ஏதோ பார்த்திருக்கிறான். திரை ஓரத்தில் சின்னதாக டிவி மாதிரி ஒரு படம் இருக்குமே, அதில் விரல் பட்டுவிட்டது.

டிவி தானாக எரிந்தது. குத்துப்பாட்டு, முழுச் சத்தத்தில். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று நின்றார்கள். பெரியம்மா தலையைத் தூக்கி டிவியைப் பார்த்தார். பெட்டியின் கண்ணாடி மேல் சிவப்பும் பச்சையுமாக வெளிச்சம் ஆடியது. ரிமோட்டைக் காணவில்லை. டிவியிலேயே பட்டன் எங்கே இருக்கிறது என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் பின்னால் கையை விட்டு ஒயரைப் பிடுங்கினேன்.

அந்தப் பையன் பதினாறாம் நாளுக்கு வரவில்லை.

கணினிக்காரன்:

ஆழ்ந்த இரங்கல். ஆனால் இதில் டிவியின் குற்றம் என்ன? வீட்டு வைஃபையை எல்லாருக்கும் கொடுத்தால் இப்படித்தான் ஆகும். ரவுட்டரில் விருந்தினருக்கென்று தனி வைஃபை உருவாக்கலாம், அதில் சேர்கிறவர்களுக்கு டிவி தெரியாதபடி செய்துவிடலாம், ஐந்து நிமிஷ வேலை. போனில் இருந்து டிவியை எழுப்புகிற வசதியையும் செட்டிங்ஸில் அணைத்து வைக்கலாம். அதே கையோடு தனியுரிமைப் பகுதிக்கும் போங்கள். பல டிவிகள் திரையில் ஓடுவதைத் துணுக்குத் துணுக்காக எடுத்து, நீங்கள் என்ன பார்க்கிறீர்கள் என்று கண்டுபிடித்து அனுப்புகின்றன. அமெரிக்காவில் விசியோ நிறுவனம் 1 கோடியே 10 லட்சம் டிவிகளில் கேட்காமலே இதைச் செய்தது என்ற வழக்கில் 2017-இல் 22 லட்சம் டாலர் கட்டி முடித்துக்கொண்டது. ஆகவே அதையும் அணையுங்கள். பாஸ்வேர்டை ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். எல்லாவற்றையும் முறையாக இணைத்து அப்டேட் செய்து வைத்தால் இங்கே சொன்ன பாதிப் பிரச்சினை வராது. என் வீட்டில் 14 ஸ்மார்ட் சாதனங்கள், ஒரு தொந்தரவும் இல்லை. ஒரு தடவை மட்டும் பாத்ரூம் விளக்கு அப்டேட் ஆகும்வரை இருட்டில் உட்கார வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

மன்னார்குடி மைந்தன்:

தம்பி, பிணம் வீட்டில் கிடக்கும்போது ரவுட்டரைத் திறந்து விருந்தினர் வைஃபை உருவாக்கச் சொல்கிறீர்கள்.

வேளச்சேரி வாசி:

முறையாக இணைத்தால் பிரச்சினை வராது என்றவருக்கு: 2025 அக்டோபர் 20 அன்று அமேசானின் கிளவுட் சேவை முடங்கியபோது, அமெரிக்காவில் ஸ்மார்ட் கட்டில் வாங்கியவர்கள் கதையைப் படித்தீர்களா? மெத்தைச் சூட்டைக் குறைக்க முடியவில்லை, சாய்த்து வைத்த தலைப்பக்கம் இறங்கவில்லை. எல்லாம் முறையாக இணைத்த கட்டில்கள்தான். என் தாத்தாவின் கயிற்றுக் கட்டில் தொய்ந்துபோனால் இழுத்துக் கட்டுவார்.

நெல்லைச் சீமை:

எல்லாரும் ஒரேயடியாகத் திட்டுவதால் ஒன்று சொல்கிறேன். என் அத்தைக்குக் காது கேட்காது. மெஷினில் துணி போட்டுவிட்டு முடிந்ததா முடிந்ததா என்று மாடிக்கும் கீழுக்கும் நடந்துகொண்டே இருப்பார்கள். இப்போது முடிந்ததும் இடுப்பில் செருகிய போன் அதிர்கிறது. போனை எடுத்துப் பார்த்துவிட்டு, ஏதோ தந்தி வந்த மாதிரி எங்களிடம் அறிவிப்பார்கள். அந்த மெஷினில் மற்ற எந்த வசதியையும் அவர்கள் தொட்டதில்லை.

ஒயர்மேன்:

கணினிக்காரர் தம்பி, அந்தப் பாத்ரூம் விளக்குக்கு ஒரு சாதா சுவிட்ச் போட்டுத் தருகிறேன், சொல்லுங்கள்.

ஸ்ரீரங்கத்தான்:

அத்தை கதை நன்றாக இருக்கிறது, அது வேறு வகை, ஒப்புக்கொள்கிறேன்.

கேட்டவர்களுக்காக: நூல் கட்டித் தொங்கவிட்டேன். அப்பா இரண்டு நாள் பார்த்துவிட்டு அவரே தெப்பக்குளத் தெருப்பக்கம் போய் ஒரு டேபிள் ஃபேன் வாங்கி வந்துவிட்டார். கீழே நாலு பட்டன், ஒன்றை அழுத்தினால் மற்றது டப்பென்று எழும்புகிற மாதிரி. பில்லைக் காட்டினார், விலை கேட்டதற்குத் திட்டினார். இப்போது கரண்ட் போய் வந்தால் முதலில் சுற்றுவது அதுதான். மேலே இருக்கிற ஃபேனுக்கு நேராக ரிமோட் இன்னும் நூலில் தொங்குகிறது, பேரன் அதை ஊஞ்சலாட்டுகிறான்.

புதிய உறுப்பினர்:

எல்லாவற்றையும் படித்தேன். வேளச்சேரி சார், அந்த இரண்டு பட்டன் எது எது என்று சொன்னால் புண்ணியமாகப் போகும். எத்தனை நொடி என்பதும். இங்கே காலையிலிருந்து சிவப்பு விளக்கு.