மலையோரச் சாலை, நாகர்கோவில் நெரிசல், திருவனந்தபுரப் பயணம்: மூன்றுக்கும் பொருந்தும் சிறிய எஸ்யூவி எது?

கேள்வி கேட்டவர்: குலசேகரம் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை செல்லும் வழியில், முதன்மைச் சாலையை விட்டு விலகி ஏறும் ஓர் ஒடுங்கிய பாதையின் முடிவில், ரப்பர் தோட்டத்துக்குள் இருக்கிறது. நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் பணிபுரிகிறேன். திருவட்டாறு, அழகியமண்டபம், தக்கலை வழியாகத்தான் தினமும் போய்வர வேண்டும். கணவர் வளைகுடாவில் வேலை பார்ப்பதால் வண்டியைப் பெரும்பாலும் நானே ஓட்டுவேன். மாமனாருக்கு மூட்டுவலி கடுமையாக இருக்கிறது. சிகிச்சைக்காக அவரை அவ்வப்போது திருவனந்தபுரம் அழைத்துச் செல்கிறோம். இப்போதுள்ள பழைய ஹேட்ச்பேக்கில் அவர் குனிந்து உட்காருவதும், பிறர் கைகொடுத்து எழுப்ப வேண்டியிருப்பதும் பார்க்கவே வேதனையாக இருப்பதால், சற்று உயரமான வண்டி வாங்குவதென்று வீட்டில் முடிவு செய்திருக்கிறோம்.

டாடா நெக்ஸான், மாருதி பிரெஸ்ஸா, மஹிந்திரா எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ ஆகிய மூன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். வரி, காப்பீடு எல்லாம் சேர்த்த ஆன்-ரோடு விலை 13 லட்சத்தைத் தாண்டக் கூடாது. தக்கலை நெரிசலில் கிளட்ச் மிதித்து இடது கால் ஓய்ந்து போவதால் ஆட்டோமேட்டிக் வேண்டும் என்று நினைக்கிறேன், ஆனால் எங்கள் ஏற்றத்தில் அது திணறாமல் ஏறுமா என்ற அச்சம் இருக்கிறது. விடுமுறை நாள்களில் வண்டி குளச்சலில் என் தாய்வீட்டு முற்றத்தில் நிற்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விளம்பரங்களில் வரும் எண்களை எப்படி ஒப்பிட்டுப் பார்ப்பது என்று தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: தக்கலை வாசகர்

சகோதரிக்கு வணக்கம். தரை இடைவெளியை வைத்து இந்த மூன்றையும் தரம் பிரிக்க முயலாதீர்கள். நெக்ஸானுக்கு 208, 3எக்ஸ்ஓவுக்கு 201, பிரெஸ்ஸாவுக்கு 198 மில்லிமீட்டர். பத்து மில்லிமீட்டர் வேறுபாடு தோட்டப் பாதையில் எதையும் மாற்றிவிடாது. நீங்கள் பார்க்க வேண்டியது, எஞ்சினின் இழுவிசை (டார்க்) எவ்வளவு என்பதையும் அது எத்தனை ஆர்பிஎம்மில், அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழலும்போது கிடைக்கிறது என்பதையும்தான். பிரெஸ்ஸாவின் 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினில் டர்போ, அதாவது எஞ்சினுக்குள் காற்றை அழுத்திச் செலுத்தும் கருவி, கிடையாது. அதன் உச்ச இழுவிசையான 137 நியூட்டன் மீட்டர் 4,400 ஆர்பிஎம்மில்தான் வருகிறது. நெக்ஸானின் 1.2 லிட்டர் டர்போ 1,750 ஆர்பிஎம்மிலேயே 170ஐத் தருகிறது, 3எக்ஸ்ஓவின் 1.2 லிட்டர் டர்போ 1,500இலேயே 200ஐத் தருகிறது. நான்கு பேரும் பையும் ஏசியுமாக ஒரு வளைவில் வேகம் குறைந்து, அங்கிருந்தே மேலே ஏற வேண்டிய நிலையில், பிரெஸ்ஸா எஞ்சினை இரையவிட்டுத்தான் ஏற்ற வேண்டும், மற்ற இரண்டும் அவ்வளவு இரைச்சலின்றி ஏறிவிடும். ஆனால் பிரெஸ்ஸாவின் எஞ்சின் நெரிசலில் மிக மென்மையாக நகரக்கூடியது என்பதையும், டர்போ எஞ்சின்களின் மைலேஜ் நம் வலது காலின் அழுத்தத்துக்கு ஏற்ப வெகுவாக ஏறி இறங்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அடுத்தது கியர்பாக்ஸ். ஷோரூமில் வெறுமனே ‘ஆட்டோமேட்டிக் இருக்கிறதா’ என்று கேட்காமல், அது எந்த வகை என்று கேளுங்கள். ஏஎம்டி என்பது சாதாரண கியர்பாக்ஸின் கிளட்சை நம் காலுக்குப் பதிலாக ஒரு கருவி இயக்கும் ஏற்பாடு. விலை குறைவு, மைலேஜும் நன்றாக இருக்கும், ஆனால் கியர் மாறும்போது ஒரு கணம் இழுவை அறுபடுவதை ஏற்றத்தில் நன்றாகவே உணர முடியும். ஊர்ந்து ஊர்ந்து ஏறும்போது கிளட்ச் தேயவும் செய்யும். டார்க் கன்வெர்ட்டர் வகையில் எஞ்சினுக்கும் கியருக்கும் இடையே எண்ணெய் வழியாக விசை கடத்தப்படுவதால் அந்தத் தேய்மானம் இல்லை. ஏற்றத்தில் நின்று கிளம்பும்போதும் வண்டி உதறாது. பிரெஸ்ஸாவிலும் 3எக்ஸ்ஓ பெட்ரோலிலும் இருப்பது ஆறு கியர் கொண்ட இந்த வகைதான். நெக்ஸான் பெட்ரோலில் ஏஎம்டியும் ஏழு கியர் இரட்டைக் கிளட்ச் வகையும் தனித்தனியாக வருகின்றன, எனவே அங்கே மிகுந்த கவனம் தேவை.

அகலத்தையும் மறந்துவிட வேண்டாம். 3எக்ஸ்ஓ 1,821, நெக்ஸான் 1,804, பிரெஸ்ஸா 1,790 மில்லிமீட்டர். பக்கக் கண்ணாடிகள் இதில் சேராது. அகலமான வண்டியில் பின்னிருக்கையில் மூவர் நெருக்கமில்லாமல் அமரலாம் என்பது உண்மைதான். ஆனால் திருவட்டாறு சாலையில் எதிரே பேருந்து வரும்போது ஒதுங்குவது யார் என்பது உங்களுக்கே தெரியும். பட்டியலில் இல்லாத ஸ்கோடா கைலாக்கையும் ஒருமுறை பாருங்கள் என்பேன். அதன் அகலம் 1,783, டிக்கி 446 லிட்டர், ஒரு லிட்டர் டர்போ எஞ்சின் 178 நியூட்டன் மீட்டர் தருகிறது, ஆட்டோமேட்டிக்கும் டார்க் கன்வெர்ட்டர் வகைதான். தரை இடைவெளி மட்டும் 189.

மாமனாரின் வசதியை எந்த எண்ணும் சொல்லாது. அவரை ஷோரூமுக்கே அழைத்துச் சென்று, முன்னிருக்கையிலும் பின்னிருக்கையிலும் அவராகவே ஏறி இறங்கச் சொல்லுங்கள். இருக்கை அவர் இடுப்பின் உயரத்துக்கு நேராக இருந்தால் முழங்காலை மடக்கும் சிரமம் பெருமளவு குறையும். அதைவிட உயரமாகிவிட்டால் ஏறுவதே புதிய சிரமமாகிவிடும். பிறகு வண்டியை உங்கள் வீட்டுக்கே வரவழைத்து, ஏசி ஓட, குடும்பத்தோடு பாதி ஏற்றத்தில் நிறுத்தி மீண்டும் கிளப்பிப் பாருங்கள். ஊருக்குள் ஒரு வட்டம் சுற்றிக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பதில் 2: வடசேரி கணக்காளர்

மேலே சொன்னவற்றோடு விலைக் கணக்கையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் உங்கள் 13 லட்சம் எந்த இடத்தில் உடையும் என்பது அதில்தான் தெரியும். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் கார்களுக்கான ஆயுள்கால வரி, 5 முதல் 10 லட்சம் வரை விலையுள்ள வண்டிக்கு 13 சதவீதம், 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை 18 சதவீதம். உயர் விகிதம் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு மட்டுமல்லாமல் முழு விலைக்குமே பொருந்துகிறது. 9,95,000 ரூபாய் வண்டிக்கு வரி 1,29,350 ரூபாய். 10,15,000 ரூபாய் வண்டிக்கு 1,82,700 ரூபாய். அதாவது இருபதாயிரம் ரூபாய் கூடுதலாக உள்ள ஒரு வேரியன்ட்டை எடுத்தால் வரியில் மட்டுமே ஐம்பத்து மூவாயிரத்துக்கு மேல் கூடிவிடுகிறது. பத்து லட்ச எல்லையை ஒட்டி நிற்கும் இரண்டு வேரியன்ட்களின் ஆன்-ரோடு விலையையும் எழுதி வாங்கி ஒப்பிடுவது அவசியம்.

ஜிஎஸ்டியும் ஒரே அளவில் இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்குள் நீளமும், பெட்ரோலானால் 1,200 சிசிக்குள்ளும், டீசலானால் 1,500 சிசிக்குள்ளும் எஞ்சினும் உள்ள கார்களுக்கு 18 சதவீதம், மற்றவற்றுக்கு 40 சதவீதம். பிரெஸ்ஸா நான்கு மீட்டருக்குள் அடங்கினாலும் அதன் எஞ்சின் 1,462 சிசி என்பதால் 40இல் வருகிறது. மற்ற இரண்டும், கைலாக்கும் 18இல் வருகின்றன. இது ஷோரூம் விலைக்குள்ளேயே அடங்கியிருப்பதால் நீங்கள் தனியாகக் கட்ட வேண்டியதில்லை. கொடுக்கும் பணத்தில் வண்டிக்குப் போவது எவ்வளவு, வரிக்குப் போவது எவ்வளவு என்பதை அறிய இது உதவும்.

காப்பீட்டில், புதிய காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்றாண்டுக்கு எடுப்பது கட்டாயம். சொந்தச் சேதத்துக்கான பகுதியை நீங்கள் விரும்பும் நிறுவனத்தில் எடுக்கலாம், ஷோரூமில் தருவதைத்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை.

பதில் 3: குளச்சல் கடற்கரையிலிருந்து

கடற்கரை வீட்டு முற்றத்தில் வண்டி நிற்கும் என்று சொன்னதால் இதை எழுதுகிறேன். உப்புக்காற்றுக்கு எந்த நிறுவனத்தின் வண்டியும் விலக்கல்ல. துரு கண்ணுக்குத் தெரியும் இடத்தில் தொடங்குவதில்லை. கதவின் அடிமடிப்பு, சைலன்சர் இணைப்பு, அடியில் உள்ள போல்ட்டுகள் ஆகியவற்றில்தான் முதலில் பிடிக்கும். குளச்சலிலிருந்து வீடு திரும்பியதும் அடிப்பாகத்தையும் சக்கர வளைவுகளையும் நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். ஷோரூமில் அடிப்பூச்சு அடித்துத் தருவதாகச் சொன்னால், கதவின் கீழும் அடித்தகட்டிலும் உள்ள நீர் வடியும் துளைகளை அடைக்காமல் பூசச் சொல்லுங்கள். துளை அடைபட்டால் உள்ளே தங்கும் நீரே தகட்டைத் தின்றுவிடும். இரவு மழைக்குப் பிறகு பிரேக் தட்டில் செந்நிறத் துரு தெரிவதைக் கண்டு பயப்பட வேண்டாம், சில முறை பிரேக் பிடித்தால் அது போய்விடும்.

குலசேகரம் ஆசிரியை

மூவருக்கும் என் உளமார்ந்த நன்றி. இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. மலையோரத்துக்கு டீசல்தான் சரி என்று அண்ணன் வற்புறுத்துகிறார். மோதல் சோதனையில் கிடைக்கும் நட்சத்திரங்கள் வெறும் விளம்பரம் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். இவற்றை எவ்வளவு பொருட்படுத்த வேண்டும்?

பதில் 4: மார்த்தாண்டம் பணிமனை

அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 3எக்ஸ்ஓ டீசல் 300 நியூட்டன் மீட்டரும் நெக்ஸான் டீசல் 260 நியூட்டன் மீட்டரும் இழுக்கும். ஏற்றம் அவற்றுக்கு ஒரு பொருட்டே அல்ல. ஆனால் இரண்டிலும் டீசலுக்குக் கிடைக்கும் ஆட்டோமேட்டிக் ஏஎம்டி மட்டுமே. பிரெஸ்ஸாவில் டீசலே இல்லை. மேலும் இன்றைய டீசல் வண்டிகளில் புகையின் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி இருக்கிறது. அந்தக் கரி எரிந்து தீர வேண்டுமானால் வண்டி சிறிது நேரம் தடையின்றிச் சீரான வேகத்தில் ஓட வேண்டும். தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை நெரிசலில் நின்று நின்று போகும் வண்டிக்கு அந்த வாய்ப்பு குறைவு, எச்சரிக்கை விளக்கோடு பணிமனைக்கு வரும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். வாரந்தோறும் மதுரைக்கோ சென்னைக்கோ போகிறவராக இருந்தால் நானே டீசலைப் பரிந்துரைத்திருப்பேன்.

நட்சத்திரங்களை விளம்பரம் என்று தள்ளிவிடாதீர்கள். பாரத் என்கேப் எனப்படும் இந்திய அரசின் மோதல் சோதனையில் வண்டியை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில், அதன் முகப்பின் 40 சதவீதம் மட்டும் தடுப்பில் மோதும்படி செலுத்துகிறார்கள். இருவழிச் சாலையில் எதிர்வரும் வண்டியோடு பாதி முகம் மோதும் விபத்தை ஒத்த சோதனை இது, நம் மாவட்டச் சாலைகளில் அஞ்ச வேண்டியதும் இத்தகைய விபத்துதான். பெரியவர்களுக்கான பாதுகாப்பில் 32க்கு நெக்ஸான் 29.41, 3எக்ஸ்ஓ 29.36, கைலாக் 30.88 மதிப்பெண் பெற்று, மூன்றும் ஐந்து நட்சத்திர வண்டிகளாகின. பிரெஸ்ஸா 2018இல் குளோபல் என்கேப் என்ற சர்வதேச அமைப்பின் சோதனையில் நான்கு நட்சத்திரம் பெற்றது, ஆனால் அது முந்தைய வடிவம். இப்போதைய வடிவம் 2022இல் வந்தது. வயதானவரைப் பின்னிருக்கையில் அழைத்துச் செல்லும் உங்களுக்கு, என் பார்வையில், 3எக்ஸ்ஓ பெட்ரோல் டார்க் கன்வெர்ட்டர் முதலிலும் கைலாக் அடுத்தும் வர வேண்டும். தோட்டப் பாதை மிகக் குறுகலாக இருந்தால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். பின்னிருக்கை பெல்ட்டை மாமனார் கட்டாயம் போட வேண்டும், அது இல்லாமல் அந்த மதிப்பெண்ணுக்குப் பொருளில்லை.

மழையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எஸ்யூவி என்ற துணிச்சலில் கோதையாறு பெருகும் நாளில் சப்பாத்துப் பாலத்தை (வெள்ளத்தில் மூழ்கும் தாழ்வான தரைப்பாலம்) கடக்க முயலாதீர்கள். தரை இடைவெளி 200 மில்லிமீட்டர் என்பதால் அவ்வளவு நீரில் பாதுகாப்பாகப் போகலாம் என்று பொருளல்ல. எஞ்சினுக்குள் தண்ணீர் போய் வண்டி நின்றுவிட்டால் மீண்டும் ஸ்டார்ட் செய்யவே கூடாது. செய்தால் உள்ளே கனெக்டிங் ராடு வளைந்துவிடும், சாதாரணக் காப்பீட்டில் அதற்கு இழப்பீடு கிடைப்பதும் கடினம். எனவே எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் காப்பீட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேரியன்ட்டைத் தேர்ந்தெடுக்கும்போது சன்ரூஃப் இல்லாததையே எடுங்கள் என்பது என் வேண்டுகோள். மார்கழி, தை மாதங்களில் ரப்பர் மரம் இலை உதிர்க்கும்போது சன்ரூஃபின் நீர் வடியும் குழாய்கள் சருகால் அடைபட்டு, அடுத்த மழையில் தண்ணீர் கூரை வழியாக உள்ளே இறங்கிவிடுகிறது. சன்ரூஃபை விட்டுவிட்டால் வரி விகிதம் குறைந்த வேரியன்ட்டுக்கு இறங்கிவிட முடியுமா என்று வடசேரி நண்பர் சொன்ன கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.