27 வாரக் குழந்தைக்குத் தோல் உரிகிறது: க்ரீம் போதுமா, ஊசி மருந்து வேண்டுமா?

கேள்வி (என்ஐசியூ, அதாவது பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸ்)

27 வாரத்தில் பிறந்த குழந்தை, 900 கிராம். 3-ஆம் நாள் முதுகு, அக்குள், தொடை இடுக்கெல்லாம் சிவந்து பொடிக் கொப்புளங்கள். முதுகில் தீக்காயம் போல உரிகிறது. அம்மாவுக்குப் பிரசவத்துக்கு முன் வெள்ளைப்படுதல் இருந்திருக்கிறது. பிறந்ததும் எடுத்த ரத்த கல்ச்சரில் (கிருமி வளர்ப்புச் சோதனை) 48 மணி நேரமாகியும் எதுவும் வளரவில்லை. பூஞ்சைக்கான க்ளோட்ரிமசோல் க்ரீம் தடவிப் பார்க்கலாமா?

பதில் (பச்சிளங்குழந்தை மருத்துவர்)

சிஸ்டர், க்ரீமோடு நிறுத்திவிடாதீர்கள், இப்போதே டியூட்டி டாக்டரைக் கூப்பிடுங்கள். இது பிறவியிலேயே வரும் கேண்டிடா என்ற பூஞ்சைத் தொற்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நிறைமாதக் குழந்தைக்கு இது பெரும்பாலும் தோலோடு அடங்கிவிடும். 1000 கிராமுக்குக் கீழே தோலின் மேலடுக்கே சரியாக உருவாகியிருக்காது; அந்த வழியாகவே ரத்தத்துக்கும் மூளைக்கும் போய்விடும். நெகடிவ் கல்ச்சரை நம்பி உட்கார முடியாது. இவ்வளவு சின்னக் குழந்தையிடம் எடுக்கிற கொஞ்ச ரத்தத்தில் கேண்டிடா சிக்காமல் போவது சகஜம்.

தானாக உரிந்த செதிலையோ கொப்புள நீரையோ ஸ்லைடில் வைத்து 10% கேஓஎச் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) ஒரு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள். பிளேடால் சுரண்ட வேண்டாம். ரத்தம் 1 மி.லி.யாவது மறுபடி கல்ச்சருக்கு, கூடவே சிறுநீர், குழந்தை தாங்குமென்றால் முதுகுத் தண்டுவட நீர். ரிசல்ட் வரும்வரை மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது.

பூஞ்சைக்கான ஊசி மருந்து ஆம்ஃபோடெரிசின் பி டிஆக்ஸிகோலேட் கிலோவுக்கு 1 மி.கி., தினம் ஒரு வேளை, கல்ச்சர் நெகடிவாக இருந்தாலும் குறைந்தது 14 நாள். ஏற்கெனவே தடுப்புக்காக ஃப்ளூகோனசோல் என்ற இன்னொரு பூஞ்சை மருந்து வாங்காத குழந்தை என்றால் அதையே கிலோவுக்கு 12 மி.கி. கொடுக்கலாம். நச்சுக்கொடி இன்னும் கைவசம் இருந்தால் பேத்தாலஜிக்கு அனுப்புங்கள். தொப்புள்கொடியில் வெண்மஞ்சள் புள்ளிகள் இருந்தால் கேண்டிடாதான் என்பது இன்னும் வலுக்கும்.

பதில் (மருந்தாளுநர்)

ஆம்ஃபோடெரிசினை 5% டெக்ஸ்ட்ரோஸில் மட்டுமே கலக்க வேண்டும். சலைன் (உப்பு நீர்) பட்டால் திரிந்து வீழ்படிவாகிவிடும். தவறு பெரும்பாலும் கலக்கும்போது நடப்பதில்லை, மருந்து ஏறும் லைனை ஃப்ளஷ் செய்யும்போது (கழுவிவிடும்போது) பழக்கத்தில் சலைன் எடுப்பதில்தான் நடக்கிறது. முன்னும் பின்னும் டெக்ஸ்ட்ரோஸால்தான் ஃப்ளஷ். கைநரம்பு வழியாகக் கொடுத்தால் ஒரு மி.லி.க்கு 0.1 மி.கி.க்கு மேல் அடர்த்தி வேண்டாம். இந்தக் குழந்தைக்கு 0.9 மி.கி., அதாவது 9 மி.லி., 2 முதல் 6 மணி நேரத்தில். அந்த 9 மி.லி.யை அன்றைய மொத்தத் திரவக் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள். இந்த மருந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கும், சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் கிரியாட்டினின் ஏறும். இரண்டையும் தொடர்ந்து பாருங்கள்.

பதில் (என்ஐசியூ சீனியர் நர்ஸ்)

உரிந்த இடத்தின் வழியே நீர் நிறைய வெளியேறும். எடை, சோடியம் இரண்டிலும் கண் வையுங்கள். இன்குபேட்டர் ஈரப்பதத்தை டாக்டரிடம் கேட்டுத்தான் மாற்ற வேண்டும்: அதிகமானால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம், சட்டென்று குறைத்தால் குழந்தை வறண்டுவிடும். பெட்ரோலியம் ஜெல்லியை உடம்பெங்கும் பூசாதீர்கள். மிகக் குறைந்த எடைக் குழந்தைகளில் அதனாலேயே கேண்டிடா கூடியிருக்கிறது. சிலிகோன் டேப்தான் நல்லது. கை அசையாமலிருக்க மரக்குச்சி வைத்துக் கட்டவே கூடாது. அதிலிருந்து ரைசோபஸ் பூஞ்சை பரவியதுண்டு. டேப் ஒட்டிய இடம் கறுத்தால் அதைக் கேண்டிடா என்று விட்டுவிடாதீர்கள், உடனே பயாப்சி (திசுச் சோதனை).

பதில் (குழந்தைநல மருத்துவர்)

பின்னால் படிப்பவர்களுக்காக: எடை கூடி, நன்றாகப் பால் குடிக்கிற குழந்தைக்கு நாப்கின் பகுதியில் மட்டும் வந்தால் க்ரீம் போதும். வெறும் ஈரத்தால் வரும் சிவப்பு மடிப்புகளை விட்டுவிடும். கேண்டிடா மடிப்புக்குள் புகுந்து, சுற்றிலும் தனித்தனிப் புள்ளிகளாகச் சிதறும். க்ளோட்ரிமசோல் 1% அல்லது நிஸ்டாடின், மெல்லியதாகத் தினம் 2, 3 வேளை. ஆறிய பின்னும் சில நாள் தொடருங்கள். வாயில் வெண்படலம் இருந்தால் அதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். கடையில் "அரிப்புக்கு" என்று கொடுக்கும் க்ரீம்கள் பலவற்றில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல் போன்ற ஸ்டீராய்டு கலந்திருக்கும். சிவப்பு இரண்டே நாளில் மங்கும், பூஞ்சை உள்ளே பரவும், ஸ்டீராய்டு மெல்லிய தோல் வழியே ரத்தத்தில் சேரும். வீடு திரும்பும் அம்மாவிடம் டாக்டர் எழுதிய ட்யூபைக் காட்டி, இதைத் தவிர வேறெதுவும் தடவக் கூடாது என்று சொல்லி அனுப்புங்கள்.