பொருள்: ராக் கார்டனுக்குத் தமிழ்ச்சொல் – வெள்ளிக்குள் வேண்டும் (இலங்கை மலையகக் குழு மடல்; எழுதுவோர் ஊர்ப்பெயரில்)

ஹட்டன் ஆசிரியை:
வணக்கம். பாடசாலைத் தோட்டக் கைந்நூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கற்களுக்கிடையே பூச்செடி வளர்க்கும் பாடத்துக்கு மட்டும் தலைப்பு இல்லை. ‘பாறைத் தோட்டம்’ என்று போடலாம். ஆனால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தோட்டம் என்றால் தேயிலைத் தோட்டம்தான். எந்த டிவிஷன், அதாவது தோட்டத்தின் எந்தப் பிரிவு, என்று கேட்பார்கள்.

பண்டாரவளை:
கல் + தோட்டம் = கற்றோட்டம். கல் + தூண், கற்றூண் ஆவதுபோல. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

பதுளை:
ஓர் அரவு (ா) கூடினால் காற்றோட்டம், சேர். அடுத்த பாடமே பசுமைக்கூடத்தின் காற்றோட்டம். அச்சகத்தை நம்பலாமா?

பண்டாரவளை:
அப்படியானால் ‘அறைப்பூங்கா’. சங்கத் தமிழில் அறை என்றால் பாறை. ஹக்கலை என்ற ஊர்ப்பெயரில் வரும் சிங்களக் ‘கல’வும் நம் கல்தானே...

பதுளை:
அறைப்பூங்கா என்றதும் அறைக்குள் ஜாடி வைப்பார்கள். ‘கல’வை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம், சேர்.

நுவரெலியா:
பொருளைப் பார்த்துவிட்டுச் சொல்லைத் தேடுவோம். மண்ணைக் குவித்து மேலே கல்லைச் செருகுவதல்ல இது. அப்படிச் செய்தால் முதல் தென்மேற்கு மழையிலேயே மண் கரைந்து கல் உருளும். முதலில் கோரைக் கிழங்கை அடியோடு எடுக்க வேண்டும். கல் வைத்தபின் அது கையில் அகப்படாது. பிறகு 15 சென்ரிமீற்றருக்கு உடைகல், அதன்மேல் மண் 1 பங்கு, இலைமக்கு 1, பருமணலும் சரளையும் சேர்த்து 2. பச்சைச் சாணம் ஆகாது. இலை கொழுக்கும், தண்டு அழுகும். கல்லில் மூன்றிலொரு பங்கு புதைய வேண்டும். மேல்முகம் மேட்டுப்பக்கம் சற்றே சாய்ந்திருந்தால் மழைநீர் பின்னாலுள்ள வேருக்குப் போகும், கல்லும் அசையாது. கடைசியில் செடியின் தூரைச் சுற்றி 2–3 சென்ரிமீற்றர் கற்சில்லு. செடியைக் கொல்வது குளிரல்ல, தூரில் நிற்கும் ஈரம். எனவே ‘கற்பாத்தி’ என்பேன்.

பதுளை:
அந்தக் கற்சில்லுக்குக் கைந்நூலில் ‘சல்லிப் போர்வை’ என்றிருக்கிறது. நம் ஊரில் சல்லி என்றால் காசு! சரளை மூடாக்கு என்று மாற்றுங்கள், டீச்சர்.

கண்டி:
‘வடிகால்’ என்பதையும் ‘கான்’ ஆக்கலாமே. தோட்டத்தில் எல்லோரும் கான் வெட்டுகிறவர்கள்தான்.

பண்டாரவளை:
கான் சிங்களக் ‘கானுவ’. பாடநூலுக்குள் வரவே கூடாது.

கண்டி:
கால் என்றாலே வாய்க்கால். கால்தான் கான் ஆனது என்பது என் கட்சி.

ஹட்டன் ஆசிரியை:
கானை விடுங்கள், வியாழன் ஆகிவிட்டது. செடிப் பட்டியல் சரியா? அலிசம், சீடம், டயந்தஸ், பத்துமணிப் பூ.

நுவரெலியா:
பத்துமணிப் பூ பண்டாரவளை வெயிலுக்குச் சரி. இங்கே மூடுபனியில் மொட்டு விரியாது. டயந்தஸுக்குப் புளிப்பு மண் ஒவ்வாது. தேயிலை மண்ணின் பிஎச் 4.5–5.5 என்பதால் அது நடும் இடத்தில் மட்டும் டொலமைற் சுண்ணாம்பு கலக்கட்டும். பக்கத்தில் அசேலியா இருந்தால் அதன் வேருக்குப் போகக் கூடாது, இலை வெளிறும்.

பண்டாரவளை:
ஒரே ஒரு ஆட்சேபம். பாத்தி கட்டுவது நீரைத் தேக்க. நீங்கள் சொல்வதோ நீர் நிற்கக் கூடாத இடம். சொல்லே பொருளுக்கு எதிராக நிற்கிறது.

பதுளை:
மரக்கறிக்காரர் மண்ணை உயர்த்திப் போடுவதும் பாத்திதான், சேர்.

பண்டாரவளை:
வழக்கு வேறு, வேர் வேறு.

ஹட்டன் ஆசிரியை:
கற்பாத்திக்கு நால்வர், பாறைத் தோட்டத்துக்கு ஒருவர், அறைப்பூங்காவுக்குச் சேர் மட்டும். கற்பாத்தி என்றே போடுகிறேன். முதல் வரியில் ‘கற்களுக்கிடையே பூச்செடி வளர்க்கும் மேடு’ என்று விளக்கம். பக்கப் படத்தை இணைத்திருக்கிறேன்.

நுவரெலியா:
படத்தில் கற்களெல்லாம் பள்ளத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கின்றன. முதலில் அதை மாற்றச் சொல்லுங்கள், டீச்சர்.

பண்டாரவளை:
படத்தின் கீழேயாவது அறைப்பூங்கா என்று ஒரு வார்த்தை?