பிள்ளைகளுக்குப் பொடுகு: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

நீலக்குடை:
பொடுகு என்றால் என்னவென்று இங்கே எல்லோருக்கும் தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன். மகளுக்கு 12 வயது. ஒரு நாள் காலை அவள் அறைக்கதவு பாதி திறந்திருந்தது. கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கிறாள். செல்லோ டேப்பைக் கிழித்து, பசைப்பக்கம் வெளியே வருகிற மாதிரி விரலில் சுற்றி, தோளில் ஒற்றி ஒற்றி எடுக்கிறாள். வெள்ளையாகிப்போன டேப்பை உருட்டி மேசை இழுப்பறைக்குள் போட்டாள். உள்ளே ஏற்கெனவே பத்துப் பதினைந்து உருண்டைகள் கிடந்தன. எத்தனை நாளாக இந்த வேலை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நான் அதுவரை என்ன செய்துகொண்டிருந்தேன்? கண் எரியாத குழந்தை ஷாம்புவையே நாலு மாதமாக வாங்கிக்கொடுத்தேன். மருந்து ஷாம்பு என்றாலே பயம். அது அழுக்கை எடுத்ததே தவிரப் பொடுகைத் தொடவில்லை. அப்புறம் ஜிங்க் பைரிதியோன் என்ற பொடுகு மருந்து 1 சதவீதம் உள்ள, வாசனை சேர்க்காத ஒன்றுக்கு மாறினோம். இரண்டு வாரம் போயும் பலனில்லை. பார்த்தால், போட்ட கையோடு கழுவிவிடுகிறாள். பாட்டிலில் பொடி எழுத்தில் 5 நிமிடம் ஊறவிடச் சொல்லியிருக்கிறது. தலை நிறைய நுரையோடு 5 நிமிடம் சும்மா நிற்பது 12 வயதில் பெரிய தண்டனை. நான் குளியலறைக்கு வெளியே தரையில் உட்கார்ந்துகொள்வேன், அவள் உள்ளேயிருந்து பள்ளிக்கூடத்து வம்பெல்லாம் சொல்லுவாள். வாரத்துக்கு இரண்டு தடவை. நாலாவது வாரம் வகிட்டில் தோல் சுத்தமாகத் தெரிந்தது. ஆனாலும் அந்த இழுப்பறை என் கண்ணை விட்டுப் போகவில்லை. உங்கள் வீட்டில் எப்படி?

ரெண்டாம் பெஞ்ச்:
எங்களுடையது பொடுகே இல்லை. பையனுக்கு அப்போது 8 வயது. செதில் செதிலாக உதிர்ந்ததும் பொடுகு ஷாம்பு போட ஆரம்பித்தோம். இரண்டு மாதம் போட்டோம். ஒரு நாள் தலை துவட்டும்போது துண்டோடு ஒரு கொத்து முடி வந்துவிட்டது. அந்த இடத்தில் நாணயம் அளவுக்குச் சொட்டை, அதில் மிளகைத் தூவினது மாதிரி கறுப்புப் புள்ளிகள். முடி வேரோடு வராமல் தோல் மட்டத்திலேயே ஒடிந்திருந்தது. தோல் மருத்துவர் பார்த்ததும் கொஞ்சம் சுரண்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். தலையில் படர்தாமரை. இதற்கு வாய்வழி மாத்திரைதான் வேண்டும், ஷாம்பு மட்டும் போட்டால் போகாது என்றார். மாத்திரை வாரக்கணக்கில் போனது. "வீட்டில் வேறு யார் இந்தச் சீப்பைப் பயன்படுத்துகிறார்கள்?" என்று கேட்டார். நானும் மனைவியும் ஒரே நேரத்தில் அவன் தங்கையைத் திரும்பிப் பார்த்தோம். அவளுக்கும் இருந்தது.

மூலிகை விரும்பி:
நீலக்குடை தோழிக்கு வருத்தத்தோடு ஒன்று சொல்கிறேன். நீங்கள் போட்ட ஜிங்க் பைரிதியோனை ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மார்ச் முதல் அழகுப் பொருள்களில் தடை செய்துவிட்டார்கள். அதைப் போய்ப் பிள்ளை தலையில் 5 நிமிடம் ஊறவைப்பதா? என் தங்கை மகளுக்கு எண்ணெயை வெதுவெதுப்பாக்கித் தடவி ராத்திரி முழுக்க விட்டோம். காலையில் ஒரு செதில்கூட இல்லை. இயற்கையை நம்புங்கள்.

ராக்கோழி:
மூலிகை விரும்பி, காலையில் இல்லை சரி, மூன்றாம் நாள் பார்த்தீர்களா? என் கதை சின்னது. 13 வயது மகன், இதே எண்ணெய் வைத்தியம், முதல் நாள் தலை பளபளத்தது. அந்த வாரக் கடைசியில் புருவத்திலும் காதுக்குப் பின்னாலும் மஞ்சள் செதில். சொறிந்து சொறிந்து காது மடல் ஓரத்தில் ரத்தம் எட்டிப் பார்த்தது. அவ்வளவுதான் என் அனுபவம், மற்றதெல்லாம் அதற்கப்புறம் படித்தது.

பொடுகில் மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சைக்குப் பங்கு உண்டு. எல்லோர் தலையிலும் இருப்பதுதான். தோல் சுரக்கும் எண்ணெய்ப்பசைதான் அதற்குத் தீனி. பருவ வயதில் அந்தச் சுரப்பு கூடும், அதனால்தான் 11, 12 வயதுக்கு மேல் பொடுகு தலைகாட்டுகிறது. தாவர எண்ணெய்களில் உள்ள கொழுப்பு அமிலங்களையும் அந்தப் பூஞ்சை விட்டுவைக்காது. எண்ணெய் செதிலை ஊறவைத்துப் படிய வைக்கும், அதைப் பார்த்துப் போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். செதில் தடித்து ஒட்டியிருந்தால் கொஞ்ச நேரம் மினரல் ஆயில் தடவி இளக்கி, அன்றைக்கே அலசிவிடலாம்.

ஐரோப்பியத் தடை உண்மைதான். ஆனால் கழுவிவிடும் ஷாம்புவில் 1 சதவீதம் வரை பாதுகாப்பானது என்று அவர்களுடைய அறிவியல் குழுவே 2020இல் சொல்லியிருந்தது. இனப்பெருக்க நச்சு என்ற வகையில் அந்தப் பொருள் சேர்க்கப்பட்டதாலும், அதற்கு மாற்றே இல்லை என்று காட்ட முடியாததாலும் சட்டப்படி விலக்கினார்கள். மனசு ஒப்பவில்லை என்றால் பைராக்டோன் ஒலமைன் என்ற வேறு பொடுகு மருந்து உள்ளதைப் பாருங்கள். கீட்டோகோனசோல், செலினியம் சல்ஃபைடு போன்ற மருந்து ஷாம்புகளைப் பிள்ளைகளுக்கு மருத்துவரைக் கேட்டே போடுங்கள். செலினியம் போடும் நாளில் வெள்ளி நகையைக் கழற்றி வையுங்கள், நிறம் போய்விடும். இன்னொன்று: நகத்தால் செதிலைப் பெயர்க்காதீர்கள். விரல் நுனியால் தேய்த்தால் போதும். "இயற்கை" என்று எழுதியிருந்தால் மென்மையானது என்று அர்த்தமில்லை. டீ ட்ரீ எண்ணெயை நீர்க்காமல் தடவினால் தோல் வெந்துபோன மாதிரி சிவக்கும்.

மூலிகை விரும்பி:
இவ்வளவு நீளமாகத் திட்ட வேண்டாம். என் தங்கை மகளுக்கு வயது 6. அவளுக்குப் பருவம் எங்கே வந்தது?

ராக்கோழி:
அந்த வயதில் வெறும் வறட்சியாக இருக்கலாம், ரெண்டாம் பெஞ்ச் சொன்னதாகவும் இருக்கலாம். அதனால்தான் அவளை மருத்துவரிடம் காட்டிவிட்டு எண்ணெய் வையுங்கள் என்கிறேன்.

சும்மா ஒரு அப்பா:
சண்டைக்கு நடுவில் மன்னிக்கவும். முடி வெட்டப் போன இடத்தில் "தம்பிக்குத் தலை நிறைய ஈர், இந்த நாற்காலியில் உட்கார வைக்க முடியாது" என்று சத்தமாகச் சொன்னார்கள். வரிசையில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். பையனுக்கு 10 வயது, காது சிவந்துபோய் நிற்கிறான். நான் ஒரு முடியைப் பிடித்து விரலால் இழுத்தேன், வெள்ளை உதிர்ந்து கையில் வந்தது. பேன் முட்டையான ஈர் அப்படி வராது, முடியில் சிமெண்டு போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். அதைச் சொல்லிப் புரிய வைப்பதற்குள் அவன் வெளியே போய்விட்டான். மூன்று மாதம் முடி வெட்டவே வரவில்லை. இப்போது நானே வெட்டுகிறேன், கோணலாகத்தான் வருகிறது.

இரட்டைச்சுழி:
நீலக்குடை, அவளிடம் உட்கார்ந்து பேசுங்கள். தலை சுத்தமில்லாததால் வருவதில்லை, இன்னொருவருக்கு ஒட்டாது என்று தெளிவாகச் சொல்லுங்கள். என் அக்காவிடம் யாரும் சொல்லவில்லை. தினம் இரண்டு வேளை தலைக்குக் குளித்தாள்.

நீலக்குடை:
எல்லோருக்கும் நன்றி. போன வாரம் மறுபடி கொஞ்சம் உதிர்ந்தது. ஒரேயடியாகப் போகிற சமாச்சாரம் இல்லை போலிருக்கிறது. தோல் சுத்தமானபின் வாரம் ஒரு தடவையாகக் குறைத்திருந்ததை, என்னைக் கேட்காமல் அவளே மறுபடி இரண்டாக்கிக்கொண்டாள். 5 நிமிடத்துக்கு நான் வெளியே உட்கார்ந்தே ஆகவேண்டுமாம், அது மட்டும் நிபந்தனை. சுத்தம் பற்றியும் ஒட்டாது என்பதையும் கதவுக்கு இந்தப் பக்கத்திலிருந்தே சொல்லிவிட்டேன், இரட்டைச்சுழி. இழுப்பறை விஷயத்தை இன்னும் எடுக்கவில்லை.