'கண்ணகி' வசனப் புத்தகம் யாரிடமாவது இருக்கா?

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. பினாங்கு ஜார்ஜ்டவுனிலிருந்து எழுதுகிறேன்.

எங்கள் தாத்தா பினாங்கு துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். சாயங்காலம் கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டே 1942-இல் வந்த 'கண்ணகி' பட வசனத்தை மூச்சுவிடாமல் பேசுவார். "கோப்பி ஆறிப்போகுது" என்று பாட்டி கத்துவார். போன வாரம் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் வசனப் புத்தகம் கிடைத்தது. அட்டை இல்லை, பாதியைக் கரையான் தின்றுவிட்டது. ஒட்டிக்கிடந்த மிச்சத்தைப் பிரிக்கிறேன் என்று நானே கிழித்துத் தொலைத்தேன்.

எழுதியவர் இளங்கோவன், இயற்பெயர் தணிகாசலம். தமிழே தெரியாத அமெரிக்கர் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'அம்பிகாபதி' (1937) வசனமும் இவருடையதுதான். வசனத்துக்காகவே படம் பார்க்கும் பழக்கம் இவரிடமிருந்து தொடங்கியது என்பேன். இன்றைக்கு இவர் பெயரைச் சொன்னால், "சிலப்பதிகாரம் எழுதியவரா?" என்கிறார்கள்!

பாண்டியன் சபையில் கண்ணகி வழக்குரைக்கும் பக்கங்கள்தான் எனக்கு முக்கியம். பழைய பெட்டியில் யாருக்காவது கிடைத்தால் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்புங்கள். பட்டர்வொர்த், சுங்கைப்பட்டாணி என்றால் நானே நேரில் வருகிறேன். புத்தகத்தைத் தர வேண்டாம், என் கை ராசி தெரியுமே.